ஆயத்த பாகங்களால் வீடு: சிறு விவசாயிக்கு லாபமா?

தை அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும்போதுதான் கிராமங்களில் வீட்டு வேலை தொடங்குகிறது. மாசியில் அஸ்திவாரம் தோண்டினால் வைகாசிக்குள் கூரை போட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்த்துப் போகிறது. மணல் வரவில்லை, கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார், சென்டரிங் பலகை அடுத்த ஊர் வேலையில் மாட்டிக்கொண்டது என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. கடைசியில் விதை நெல்லுக்கும் நடவுக் கூலிக்கும் ஒதுக்கி வைத்த பணம் சிமெண்டாகவும் கம்பியாகவும் மாறிவிடுகிறது. ஐப்பசி மழையில் பாதிச் சுவர் நனைகிறது. நடவுக்கு வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியதாகிறது.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. வீட்டுச் செலவு எங்கே போய் முடியும் என்பது தொடங்கும்போது தெரிவதில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இந்தத் தெரியாத செலவுதான் பெரிய ஆபத்து.

இதற்கு ஒரு மாற்றாக, வீட்டின் பாகங்களை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு மனையில் பொருத்தும் முறை இப்போது பரவி வருகிறது. ஆயத்த வீடு என்றும் ரெடிமேட் வீடு என்றும் இதைச் சொல்கிறார்கள். இதன் நன்மைகள் என்ன, சிறு விவசாயிக்கு எந்த அளவுக்கு இது பொருந்தும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

நமக்குப் புதியதல்ல

முறை புதிது போலத் தோன்றினாலும் கருத்து பழையது. உறைக்கிணறு இதற்கு நல்ல உதாரணம். மண் உறைகளைத் தனியே வனைந்து, சுட்டு, பிறகு குழியில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கிணறு அமைத்திருக்கிறார்கள். கீழடி அகழாய்வில் இப்படிப்பட்ட உறைக்கிணறுகள் கிடைத்துள்ளன. இன்று கழிப்பறைக் குழிக்கு இறக்கும் சிமெண்ட் உறையும் அதே வழிதான். கதவு நிலையைச் சிமெண்டில் வார்த்து வாங்குவதும், வேலிக்குக் கான்கிரீட் கம்பமும் பலகையும் வாங்கி நடுவதும் கிராமங்களில் சாதாரணமாகிவிட்டன.

முழு வீட்டையே இப்படிச் செய்த அனுபவமும் உலகில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் வீடிழந்தவர்களுக்காக 1945 முதல் 1949 வரை பிரிட்டனில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஆயத்த வீடுகள் அமைக்கப்பட்டன. சுமார் 10 ஆண்டுகளுக்கு என்று நினைத்துச் செய்த அந்த வீடுகளில் பல அரை நூற்றாண்டு கடந்தும் நின்றன. நம் நாட்டில் பிரிவினையால் வந்த அகதிகளுக்கு வீடு அமைப்பதற்காக 1948ல் டெல்லியில் அரசு ஒரு தொழிற்சாலை தொடங்கியது. அங்கு முதலில் செய்த சுவர்ப் பலகைகள் எதிர்பார்த்தபடி அமையவில்லை. பொருளும் இணைப்பும் சரியாக இருந்தால்தான் இந்த முறை பலன் தரும் என்பதற்கு அது ஒரு பாடம். சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட் பாகங்களைப் பொருத்திக் கட்டிய 1,152 வீடுகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன.

மூன்று வகை

ஆயத்த வீடு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, முழு அறையாகவே பட்டறையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்குவது. இரும்புச் சட்டம், தகட்டுச் சுவர், கதவு, ஜன்னல், மின் கம்பி எல்லாம் அதிலேயே இருக்கும். இறக்குவதற்குக் கிரேன் தேவை.

இரண்டாவது வகை, சுவரையும் கூரையையும் பலகைகளாகக் கொண்டுவந்து மனையில் பொருத்துவது. இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரையோ கல்நூல் பஞ்சோ வைத்த பலகைகள் இதில் அதிகம் பயன்படுகின்றன. கான்கிரீட் சுவர்ப் பலகைகளும் உண்டு.

மூன்றாவது வகை, அஸ்திவாரத்தையும் சுவரையும் வழக்கம்போல உள்ளூர்க் கொத்தனாரைக் கொண்டு கட்டி, கூரை, லிண்டல், நிலை, அலமாரிப் பலகை ஆகியவற்றை மட்டும் முன்கூட்டியே வார்த்து வைத்துப் பொருத்துவது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்கென்று கான்கிரீட் பலகையும் சிறு உத்தரமும் கொண்ட கூரை முறையை உருவாக்கியிருக்கிறது. சிறு விவசாயிகளுக்கு மிகவும் பொருந்தக்கூடியது இந்த மூன்றாவது வகைதான்.

எதில் மிச்சம்?

முன்கூட்டியே செய்யும் முறையில் முதல் லாபம் காலம். வழக்கமான முறையில் ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்த வேலை. சுவர் எழும்பிய பிறகே சென்டரிங் அடிக்க முடியும். தளம் போட்ட பிறகு முட்டுகளை எடுக்கும் வரை உள்ளே பூச்சு வேலை நடக்காது. ஆயத்த முறையில் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மனையில் சுவர் எழும்பும்போதே களத்து மேட்டிலோ பட்டறையிலோ கூரைப் பாகங்கள் தயாராகிவிடும்.

இரண்டாவது லாபம் செலவுக் கட்டுப்பாடு. எத்தனை பலகை, எத்தனை உத்தரம் என்று எண்ணிச் சொல்ல முடிவதால், கூரைக்கு ஆகும் சிமெண்டையும் கம்பியையும் முன்னரே கணக்கிட்டுவிடலாம். முழு ஆயத்த வீடு வாங்கினால் மொத்த விலையே எழுத்தில் வந்துவிடும். பயிருக்கு வைத்த பணத்தில் கை வைக்காமல் இருக்க இது உதவும்.

மூன்றாவது லாபம் சென்டரிங் செலவு. கான்கிரீட் தளம் போடுவதில் பலகை, முட்டு, தச்சர் கூலி ஆகியவற்றுக்குக் கணிசமான பணம் போகிறது. இந்தச் செலவு வீட்டில் தங்காது. பலகையைப் பிரித்ததும் போய்விடும். பாகங்களைத் தரையில் வைத்து வார்க்கும்போது ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். நாலைந்து பேர் சேர்ந்து அச்சு வாங்கினால் எல்லோருக்கும் அதுவே போதும்.

நான்காவது லாபம் தண்ணீர். தளம் போட்டால் அதன் மேல் பாத்தி கட்டி 10 முதல் 14 நாட்கள் தண்ணீர் நிறுத்த வேண்டும். பங்குனி, சித்திரையில் கிணறு வற்றும்போது இது பெரிய பாடு. தண்ணீரைச் சரியாக ஊற்றாவிட்டால் தளத்தின் பலம் குறைந்துவிடும். பலகைகளைத் தொட்டியில் ஊற வைக்கலாம். அல்லது அடுக்கி வைத்து ஈரச்சாக்கு போடலாம். குறைந்த தண்ணீரில் நிறைவாக ஆற வைக்க முடியும்.

ஐந்தாவது லாபம் தரம். மேலே போட்ட தளத்தில் குறை இருந்தால் சென்டரிங்கைப் பிரித்த பிறகே தெரியும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது. தரையில் வார்த்த பலகையைத் திருப்பிப் பார்க்கலாம். கம்பி வெளியே தெரிந்தாலோ விரிசல் இருந்தாலோ அந்த ஒன்றை மட்டும் ஒதுக்கிவிடலாம்.

ஓர் அறைக்குக் கணக்கு

12 அடி அகலம், 14 அடி நீளம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். 14 அடி நீளத்தை மூன்று பங்காகப் பிரித்து, குறுக்கே 12 அடி இடைவெளியில் இரண்டு உத்தரங்களைச் சுவர் மேல் வைக்க வேண்டும். சுவருக்கும் உத்தரத்துக்கும் இடையே, உத்தரத்துக்கும் உத்தரத்துக்கும் இடையே ஏறத்தாழ நாலரை அடி நீளப் பலகைகளைப் பரப்ப வேண்டும். பலகையின் அகலம் சுமார் 1 அடி. ஆகவே ஒரு பங்குக்கு 12 வீதம் மூன்று பங்குக்கு 36 பலகைகள் போதும்.

பலகை ஓரங்களில் 3 சென்டிமீட்டர் கனமும் நடுவில் 6 சென்டிமீட்டர் கனமும் இருக்கும். ஒன்றின் எடை ஏறத்தாழ ஒரு சிமெண்ட் மூட்டையின் எடைதான். இரண்டு பேர் எளிதில் தூக்கலாம். உத்தரம் 15 சென்டிமீட்டர் அகலமும் அதே அளவு உயரமும் கொண்டது. ஒன்று 200 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். கயிறும் கப்பியும் கொண்டு ஆறேழு பேர் சேர்ந்து ஏற்றிவிடலாம். கிரேன் தேவையில்லை. லாரி போகாத வரப்பு வழியிலும் டயர் வண்டியில் கொண்டு போகலாம்.

ஆறு அச்சுகள் இருந்தால் நாளைக்கு ஆறு வீதம் ஆறு நாட்களில் 36 பலகைகளையும் வார்த்துவிடலாம். மறுநாள் அச்சைக் கழற்றிய பிறகு இரண்டு வாரம் ஈரத்தில் வைத்து, வார்த்த நாளிலிருந்து 28 நாட்கள் கழித்துக் கூரையில் ஏற்றுவது பாதுகாப்பானது. இந்த ஒரு மாதத்தில் சுவர் வேலை முடிந்திருக்கும். பலகைகளைப் பரப்ப ஒரிரு நாள் போதும். தேவைப்பட்டால் உத்தரத்தின் நடுவில் ஒரு வரிசை முட்டு கொடுக்க வேண்டும்.

பரப்பியதோடு வேலை முடிந்துவிடாது. உத்தரத்தின் மேலும் பலகைகளின் இணைப்பிலும் கம்பி கட்டி, இடைவெளிகளில் பொடி ஜல்லிக் கான்கிரீட் இட்டு நிரப்ப வேண்டும். அப்போதுதான் தனித்தனிப் பாகங்கள் ஒரே கூரையாகச் சேர்ந்து சுமையைத் தாங்கும். இந்த இணைப்புக் கான்கிரீட்டுக்கும் தண்ணீர் ஊற்றி ஆற வைக்க வேண்டும். உத்தரத்தின் நீளம் 14 அடிக்கும், பலகையின் நீளம் 5 அடிக்கும் மிகாமல் பார்த்துக்கொள்வது அவசியம். கம்பியின் கனத்தையும் எண்ணிக்கையையும் பொறியாளர் ஒருவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கண்ணளவில் போடக்கூடாது.

குறைகளும் உண்டு

ஆயத்த வீட்டின் நன்மைகளை மட்டும் கேட்டு முன்பணம் கொடுத்துவிடக்கூடாது.

வெயில்: நம் ஊருக்கு இதுதான் முதல் கேள்வி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகைக் கடற்கரையில் தார் அட்டையும் தகடும் கொண்டு போட்ட தற்காலிகக் குடியிருப்புகளில் பகலில் உட்கார முடியாமல் மக்கள் தவித்தார்கள். ஒற்றைத் தகட்டு வீடு சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். இரட்டைத் தகட்டின் நடுவே பஞ்சோ நுரையோ இருந்தால் சூடு குறையும். ஆனால் நுரை தீப்பற்றினால் நச்சுப் புகை வரும். விறகடுப்பு உள்ள வீட்டுக்குக் கல்நூல் பஞ்சு வைத்த பலகையே நல்லது; அடுப்படியைத் தனியே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கான்கிரீட் பலகைக் கூரையும் மெல்லியதுதான். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் இட்டுத் தட்டோடு பதித்தால் சூடும் தணியும், ஒழுக்கும் நிற்கும்.

காற்று: 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எண்ணற்ற கூரைகள் பறந்தன. எடை குறைந்த வீட்டைக் காற்று எளிதில் தூக்கும். தகட்டு வீடு வாங்குவோர் அதன் சட்டத்தை அஸ்திவாரக் கான்கிரீட்டில் பதித்த போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். வெறும் கல்லின் மேல் தூக்கி வைத்துவிடக்கூடாது.

இணைப்பு: ஆயத்த வீட்டின் பலமும் பலவீனமும் அதன் இணைப்பில் உள்ளன. 1968ல் லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டில் எரிவாயு வெடித்தது. முன்வார்ப்புச் சுவர்களின் இணைப்புகள் உறுதியாக இல்லாததால் கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்து 4 பேர் இறந்தார்கள். நம்முடையது ஒற்றை மாடி வீடுதான் என்றாலும் படிப்பினை ஒன்றே. இணைப்பில் கம்பியையோ கான்கிரீட்டையோ குறைத்தால் அன்றைக்கு மிச்சமாகும். முதல் மழையிலேயே ஒழுகத் தொடங்கும்.

மண்: எந்த வகை வீடானாலும் அஸ்திவாரத்தை மண்தான் தீர்மானிக்கிறது. கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். அங்கே அஸ்திவாரம் அசைந்தால் செங்கல் சுவரில் விரிசல் விழும். ஆயத்த வீட்டில் இணைப்புகள் வாய் பிளக்கும். ஆகவே அஸ்திவாரச் செலவில் மிச்சம் பிடிக்க நினைப்பது தவறு.

பழுது: செங்கல் சுவரில் ஓட்டை விழுந்தால் உள்ளூர்க் கொத்தனார் அடைத்துவிடுவார். தொழிற்சாலைப் பலகை சேதமானால் அதே அளவில் வேறொன்று கிடைக்க வேண்டும். பிறகு சுவரை இடித்து அறையைப் பெரிதாக்குவதும் எளிதல்ல.

யாருக்கு எது ஏற்றது?

சொந்த மனையில் பிள்ளை பேரன் காலம் வரை இருக்க வேண்டிய வீட்டுக்கு, உள்ளூர்ச் செங்கல் சுவரும் முன்வார்ப்புப் பலகைக் கூரையும் சேர்ந்த முறையே ஏற்றது. இதில் செலவழிக்கும் கூலியும் ஊரிலேயே தங்கும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை போகாது. ஒரு புதிய தொழிலும் கைவரும்.

குத்தகை நிலத்தில் காவல் இருக்கவோ, தோப்பில் ஆள் தங்கவோ, உரமும் மருந்துக் கருவிகளும் வைக்கவோ ஓர் அறை வேண்டுமானால் கழற்றிக் கொண்டு போகக்கூடிய தகட்டு அறை லாபம். குத்தகை முடியும்போது கட்டிய சுவரை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. ஆனால் மருந்து வைக்கும் இடத்திலேயே ஆள் தங்கக்கூடாது. குடும்பம் நிரந்தரமாக வாழ இந்த அறையை நம்ப வேண்டாம்.

லாரியும் கிரேனும் மனை வரை வர முடியாதவர்களும், மின் கம்பி தாழ்வாகப் போகும் தெருவில் இருப்பவர்களும் முழு அறையாக வரும் வீட்டை நினைக்காமல் இருப்பதே நல்லது.

பணம் கொடுக்கும் முன்

அரசு உதவியுடன் வீடு கட்டுபவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. 2024ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்றும், 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் கூரையாக இருக்க வேண்டும் என்றும் விதி செய்யப்பட்டது. இத்தகைய திட்டங்களில் பணம் வேலையின் நிலையைப் பார்த்துத் தவணை தவணையாகத்தான் வரும். ஆயத்த வீடு விற்பவர்களோ பெரும் பகுதியை முன்பணமாகக் கேட்பார்கள். இந்த இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் நடுவில் உள்ள தொகைக்கு வட்டிக் கடன்தான் வழி. ஆகவே பலகைக் கூரையோ ஆயத்தச் சுவரோ போடலாமா, தவணை எப்போது வரும் என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பணி மேற்பார்வையாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வங்கிக் கடனை நம்பி இருப்பவர்கள் வங்கியிலும் கேட்க வேண்டும். "தூக்கி வைக்கிற வீடுதானே" என்று ஊராட்சி அனுமதி வாங்காமல் இருந்துவிடக்கூடாது.

விற்பவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

1. சொன்ன விலையில் அஸ்திவாரம், லாரி வாடகை, கிரேன், மின் இணைப்பு, கழிப்பறை ஆகியவை சேர்ந்துள்ளனவா? சேரவில்லை என்றால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு?

2. தகட்டின் கனம் என்ன? நடுவில் வைத்திருப்பது பஞ்சா, நுரையா?

3. எத்தனை நாளில் முடித்துத் தருவார்? தாமதமானால் என்ன செய்வார்?

4. ஒழுகினால், துருப்பிடித்தால் எத்தனை ஆண்டுகள் வரை வந்து சரி செய்து தருவார்?

5. அவர் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அமைத்துத் தந்த வீடு அருகில் எங்கே இருக்கிறது?

கடைசிக் கேள்வி எல்லாவற்றிலும் முக்கியமானது. அந்த வீட்டைச் சித்திரை மாதத்து மத்தியானத்தில் ஒரு தடவையும், அடைமழையில் ஒரு தடவையும் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே குடியிருப்பவரிடம் இரவில் தூக்கம் வருகிறதா, மழைக்கு எங்கே பாத்திரம் வைக்கிறார்கள் என்று கேட்டால் போதும். விளம்பரத் தாளில் இல்லாதது அங்கே தெரிந்துவிடும்.

நாற்றங்காலில் நாற்று வளரும்போதே வயலை உழுது தயார் செய்வது விவசாயிக்குத் தெரிந்த முறைதான். நாற்று முற்றும்போது வயலும் தயாராகிவிடும். ஒரு நாளும் வீணாவதில்லை. வீட்டு வேலையிலும் அதே முறையைக் கையாண்டால், தையில் தொடங்கிய வீட்டை மழைக்கு முன் முடித்துக் குடி போகலாம். நடவுக்கு வைத்த பணமும் நடவுக்கே போய்ச் சேரும்.